ஆர்பின் ஓடாமல் நின்ற ஆட்டம்

ஆர்பின் என்ற பெயரை இந்தப் பையனுக்கு வைத்ததாக நான் முதலில் கேட்டது எங்கள் மலையூர் லாரல் ஃபோர்க்கின் பள்ளிச் சமையலறையில். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். என் சித்தப்பா மகன் வெஸ்டல், நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து கரி முகத்தோடு நேரே வந்து நின்றான்.

"பையன் பொறந்திருக்கான்க்கா. ஆர்பின்னு வச்சிட்டோம்."

"யாரைக் கேட்டு வச்சே?"

ஆர்பின் என் அண்ணன். சுரங்கக் கூரை சரிந்து செத்தவன். அந்தக் கோபத்தில் வெஸ்டலோடு இரண்டு வருஷம் நான் பேசவில்லை. ஆனால் பையன் பள்ளிக்கு வந்த நாளிலிருந்து அவன் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாகத்தான் விழுந்தது.

வளர்ந்து வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆளானான். ஹெல்மெட் மாட்டி, பந்தைக் கையில் பிடித்து முட்டிமோதுகிற எங்கள் ஊர் ஃபுட்பாலில், நடுவில் குனிந்து, கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் கொடுத்துவிட்டு, எதிரில் வருகிறவனை முட்டித் தள்ளுகிற வேலை அவனுக்கு. யாரும் கவனிக்காத வேலை. இருந்தும் கடைசி வருஷம், மாநிலத்துப் பள்ளிகளின் சிறந்த பையன்களை வடக்கு, தெற்கு என்று பிரித்து ஆடவிடுகிற ஜூன் மாத ஆட்டத்துக்கு அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து இருபது வருஷத்தில் போன ஒரே பையன். அவனைப் பார்ப்பதற்கென்றே ஒரு கல்லூரிக்காரர் வருவதாகச் சொல்லியிருந்தார். அங்கே நன்றாக ஆடினால் படிப்பு இலவசம். சுரங்கத்தில் இறங்க வேண்டியதில்லை.

அந்த வசந்தத்தில்தான், ஆர்பினின் படிப்பு முடிந்த கையோடு, எங்கள் மாவட்டமான கவுண்டியின் கல்வி அதிகாரி டிங்கஸ் எங்கள் பள்ளியை மூடினார். பிள்ளைகள் இனி மலைக்கு அந்தப்பக்கம் கட்டிய புதுப்பள்ளிக்குப் போக வேண்டுமாம். எனக்கும் வேலை போயிற்று.

அந்த ஜூன் ஆட்டத்தில் ஒரு அணியில் எல்லோருக்கும் ஒரே சட்டை, ஹெல்மெட் மட்டும் அவரவர் பள்ளியுடையது. அதுதான் வழக்கம். ஆர்பினின் ஹெல்மெட்டைக் கேட்டு டிங்கஸிடம் போனேன்.

"அந்தப் பள்ளியே இப்ப கிடையாதும்மா. புதுப்பள்ளி ஹெல்மெட் தர்றோம், போட்டுக்கச் சொல்லுங்க."

"அவன் அங்க ஒரு நாள் படிச்சானா?"

"சமையல்காரம்மாவுக்கு எதுக்கு இதெல்லாம்?"

சமையலறைச் சாவியை நான் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. மறுநாள் பட்டப்பகலில் கதவைத் திறந்தேன். எங்கள் ஹெல்மெட்டுகளைக் குப்பை மாதிரி அட்டைப் பெட்டியில் கொட்டி நடைவழியில் போட்டிருந்தார்கள். ஆர்பினுடையதை எடுத்துவந்து, அதிலிருந்த எங்கள் பள்ளியின் வெள்ளை எழுத்து பளிச்சென்று தெரியும்வரை துடைத்தேன்.

ஆட்டத்தன்று அதையேதான் மாட்டியிருந்தான். ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பையனின் பெயரையும் பள்ளியையும் சொல்வார்கள், அவன் மைதானத்துக்குள் ஓடி வருவான். ஆர்பினின் முறை வந்தது. பெயரைச் சரியாகச் சொன்னார்கள். பள்ளி என்று சொன்னது டிங்கஸின் புதுப்பள்ளியை. கவுண்டியிலிருந்து போன காகிதத்தில் அப்படி எழுதியிருந்தார்களாம்.

ஆர்பின் அசையவில்லை. இரண்டாம் தடவையும் அதையே சொன்னார்கள்.

என் பக்கத்தில் வெஸ்டல் எழுந்துவிட்டான். "ஓடுடா மவனே! பேருல என்ன இருக்கு, ஓடு!"

என் வாய் சும்மா இருக்கவில்லை. "நில்லுடா ஆர்பின்! சரியாச் சொல்றவரைக்கும் நில்லு!"

நின்றான். சரியாக யாரும் சொல்லவில்லை, அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். கூப்பிட்டால் வராதவன் பெஞ்சிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார் தெற்கு அணிப் பயிற்சியாளர். கடைசிவரை அவனை இறக்கவில்லை. கல்லூரிக்காரர் பாதி ஆட்டத்தில் எழுந்து போனதை நான் பார்த்தேன்.

"உன் வாயால போச்சுக்கா," என்றான் வெஸ்டல்.

"அந்தக் காகிதத்த எழுதினவனைப் போய்க் கேளு!"

ஆர்பின்தான் குறுக்கே வந்தான். "ரெண்டு பேரும் சும்மா இருங்க. அத்தை கத்தலைன்னாலும் நான் ஓடியிருக்க மாட்டேன்."

என்னைத் தேற்றச் சொன்னானா, நிஜமாகவே சொன்னானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. என்மேல் எனக்குக் கோபம் உண்டு. டிங்கஸ்மேல் அதைவிடப் பத்து மடங்கு உண்டு. அந்த ஆள் செத்த பிறகு புதுப்பள்ளியின் விளையாட்டு அரங்கத்துக்கு அவன் பெயரையே வைத்தார்கள். அந்தப் பெயரை மட்டும் ஒரு எழுத்து பிசகாமல் எழுதியிருக்கிறார்கள்.

ஆர்பின் பதினொரு வருஷம் சுரங்கத்தில் இருந்தான், முதுகு போனபின் வெளியே வந்தான். இப்போது லாரல் ஃபோர்க்கில் அப்பன் வீட்டில் இருக்கிறான். கவுண்டியின் சாலை வேலையில், பனிக்காலத்தில் புதுப்பள்ளிப் பேருந்து வருமுன், சக்கரம் வழுக்காமல் பனி உருக, மலைச்சாலையில் உப்புத் தூவுகிறான்.