கைப்பிடி அரிசிக் கலயம்

வாந்திபேதியில் என் மகள் போன பிறகு நான் ஜெபிப்பதையே விட்டுவிட்டேன்.

சேரன்மகாதேவியில் சபைப் பெண்கள் நாங்கள் உலை வைக்கும்போதெல்லாம் கர்த்தருக்கென்று ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் போட்டு வைப்போம். அந்த மாதக் கடைசியில் அதை வாங்கச் சபையிலிருந்து அன்னம்மாள் அக்கா வந்தார்.

“இந்த மாசம் நான் ஒண்ணும் போடலக்கா. எம் புள்ளைய எடுத்துக்கிட்டவருக்கு எதுக்குக் குடுக்கணும்?” என்றேன்.

அக்கா கலயத்தைத் தூக்கிப் பார்த்தார். “ஏட்டி, கனக்குதுல்லா!”

திறந்தால், கழுத்துவரை அரிசி. வீட்டில் உலை வைப்பவள் நான் ஒருத்திதான். போட்ட நினைவே எனக்கில்லை. அக்கா அதைக் கொட்டிக்கொண்டு போனார்.

அது விசுவாசமா, வெறும் கைப்பழக்கமா? இன்றுவரை குழம்புகிறேன்.

மறுநாள் உலை கொதித்தபோது என் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது ஒரு பிடி அரிசியோடு வெறுங்கலயத்தின் பக்கம் போயிற்று. நான் தடுக்கவில்லை.