பாதி மாடிக்கு அடித்த சுண்ணாம்பு

எங்கள் பள்ளியில் சுற்றுச்சூழல் மன்றத்துக்கு நான்தான் பொறுப்பு. வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் என் தலையில் கட்டினார்கள். பூமியைக் காப்போம் என்று பிள்ளைகளை அட்டை பிடிக்க வைத்துவிட்டு, பஸ் ஏறி மானாம்பதிக்கு வந்தால், என் வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. கான்கிரீட் தளம், மேற்குப் பார்த்த அறை. சித்திரை மாதத்தில் அது அறை இல்லை, அடுப்பு. அந்த அறையில்தான் என் அம்மா படுத்துக் கிடந்தாள்.

அம்மாவுக்கு நான் ஒரே பெண். ஐயங்கார்குளத்தில் தனியாக இருந்தவள், போன வருஷம் வெயிலில் மயங்கி விழுந்துவிட்டாள். அக்கம்பக்கத்தார் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிரஷர் இருக்கிற உடம்பு, இன்னொரு தடவை வெயிலில் விழுந்தால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொன்னார். நான் யாரையும் கேட்கவில்லை. கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து என் ஓரகத்திக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. அவள் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். மாடிப்படி பொது, மொட்டை மாடி பொது, வயிற்றெரிச்சல் மட்டும் அவரவர் பங்கு. எங்கள் ஜன்னலுக்கு எதிரில் கட்டியிருக்கும் எருமையிடம் அவள் பேசுவாள். "பொண்ணு வூட்ல வந்து குந்திக்கினு துன்னுதே, மானம் ரோஷம் வாணாம்?" எருமை என்ன பதில் சொல்லும்? உள்ளே அம்மா தட்டைத் தள்ளி வைத்துவிடுவாள்.

ஏசி வாங்கலாமே என்றார் என் வீட்டுக்காரர், யாரோ சும்மா தூக்கிக் கொடுக்கப்போவது மாதிரி. அதை வாங்கவே வக்கில்லை, வாங்கினாலும் கரண்டு பில்லை யார் கட்டுவது? அந்த மன்றத்துக்காகப் படித்ததில் ஒன்றே ஒன்று உருப்படியாக இருந்தது. தளத்துக்கு மேலே வெள்ளை அடித்தால் சூடு உள்ளே இறங்காது. உத்திரமேரூர் பஜாரில் இரண்டு மூட்டை கிளிஞ்சல் சுண்ணாம்பும் ஒரு டப்பா பசையும் வாங்கினேன். ஊறவைத்து, ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே வெள்ளையடிக்கிற மட்டையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். ஆள் வைக்கவில்லை. நடுவில் கயிறு பிடித்துக் கோடு போட்டு, அவள் பக்கம் ஒரு சொட்டு சிந்தாமல் என் பாதிக்கு மட்டும் மூன்று தடவை அடித்தேன். உள்ளங்கை வெந்து தோல் உரிந்தது.

மறுநாள் மத்தியானமே வித்தியாசம் தெரிந்தது. அதுவரை அனலைக் கொட்டிக்கொண்டிருந்த ஃபேனில் காற்று வந்தது. வந்து ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அம்மா பகலில் அசந்து தூங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

ஓரகத்தி படியேறிப் பார்த்துவிட்டு வந்து, அம்மாவின் காதில் விழுகிற மாதிரி சொன்னாள்: "சமாதிக்குத்தான் இப்டி அடிப்பாங்க. உசுரோட கீறவங்க தலைக்கு மேல பூசி வச்சிக்கீறியே, நீயெல்லாம் இன்னா டீச்சரு?"

நானும் லேசுப்பட்டவள் இல்லை. உன் வாயை அடைக்க இன்னும் இரண்டு மூட்டை வேண்டுமக்கா, இதிலேயே தீர்ந்துபோச்சு என்றேன்.

அதற்குப் பழி வாங்க அவளுக்கு நெல் கிடைத்தது. நவரைப் பட்டத்து நெல்லை அறுத்துப் புழுங்கலரிசிக்கு அவித்திருந்தாள். அவள் பாதி வெறிச்சென்று கிடக்க, அவித்த நெல்லை ஆவி பறக்கப் பறக்கக் கொண்டுவந்து என் வெள்ளையின் மேல் கொட்டினாள். பலகையால் இழுக்க இழுக்கச் சுண்ணாம்பு பெயர்ந்தது. நான் விளக்குமாற்றால் நெல்லை அவள் பக்கம் தள்ளினேன். அவள் மறுபடி கொட்டினாள். சோற்றில் சுண்ணாம்பு கலந்து குடும்பத்தையே கொல்லப் பார்க்கிறேன் என்று தெருவெல்லாம் சொன்னாள். பெயர்ந்த இடத்துக்கெல்லாம் நான் திரும்பத் திரும்பப் பூசினேன்.

கடைசியில் அவள் புருஷன், என் மூத்தாரே வந்துவிட்டார். என்னைப் பார்க்காமல் தம்பியிடம் பேசினார். "அவங்கள அவங்க ஊர்லயே உட்டுட்டா இந்தப் பேஜாரே இல்லடா." என் வீட்டுக்காரர் இட்லியைப் பிட்டுக்கொண்டே, பார்க்கலாம் என்றார். என்னத்தைப் பார்ப்பது? அம்மாவைப் பிணமாகப் பார்ப்பதா? என்னால் முடிந்தது, அந்தத் தட்டை அவர் கையிலிருந்து பிடுங்கியதுதான். அம்மா உள்ளே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் எனக்குக் காஞ்சிபுரத்தில் விடைத்தாள் திருத்தும் வேலை. காலையில் போனால் இருட்டித்தான் திரும்புவேன். ஆச்சரியம், அந்த நாட்களில் என் பாதியில் ஒரு நெல்மணி விழவில்லை. தெருவில் சண்டை இல்லை, எருமையிடம் பேச்சும் இல்லை. அடங்கிவிட்டாள், நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். கூடத் திருத்துகிறவர்களிடம் அதைச் சொல்லிப் பெருமைகூட அடித்துக்கொண்டேன்.

கடைசி நாள் வேலை சீக்கிரம் முடிந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, அம்மாவின் அறைக் கதவைத் தள்ளினேன். கட்டிலில் என் ஓரகத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். ஃபேன் ஓடியது. அம்மாவின் தலையணையைத்தான் தலைக்கு வைத்திருந்தாள். அம்மாவைக் காணோம். கொல்லையில் பார்த்தேன், இல்லை. பிறகுதான் மாடிப்படியில் அம்மாவின் செருப்பைப் பார்த்தேன்.

வெள்ளை அடிக்காத பாதியில், கொதிக்கிற கான்கிரீட்டில் நின்று, அம்மா காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். தலையில் ஈரத்துண்டு. முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. எனக்குத் தொண்டை கிழியக் கத்தத் தோன்றியது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"கத்தாத பாப்பா," என்றாள் அம்மா. "நானாத்தான் இந்த வேலைய கேட்டேன். ஒரு வாரமா கிண்டிக்கினுதான் கீறேன். உன் பக்கம் கொட்ட மாட்டேன்னு சொல்லிக்கீறா. இனிமே என்ன ஊருக்கு அனுப்ப மாட்டாங்க, இல்ல?"

அவளைப் படிப்பக்கம் இழுத்தேன். அவள் வரவில்லை. கையை உதறி விடுவித்துக்கொண்டு திரும்பினாள்.

"இரு. அவ எழுந்து வர்றதுக்குள்ள அந்த மூலைய முடிச்சிடறேன்."