உலகம்மாள் மதினி பார்த்து வந்த ஊர்கள்

எங்கள் தெருவில் பிரான்ஸ் போய் வந்தது உலகம்மாள் மதினி ஒருத்திதான். ஆனால் அந்த ஊர் எப்படி இருந்தது என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரியான எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எனக்கே கேட்க வாய் வரவில்லை.

மதினி அதுவரை பார்த்த ஊர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். திருநெல்வேலி டவுனில் பிறந்து, அதே டவுனில் இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். ஆடி அமாவாசைக்குப் பாபநாசம், சாரல் விழுந்தால் குற்றாலம், பத்தமடையில் ஏதாவது கல்யாணம், அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடுவாள். வந்ததும் காலைக் கழுவுகிறாளோ இல்லையோ, புருஷன் ஐயம்பெருமாள் அண்ணாச்சியிடம் போய் வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் கட்டியிருந்த சேலையிலிருந்து ஆரம்பிப்பாள். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷன், பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்பார். நான் வாயைத் திறந்தால் என் வீட்டுக்காரர் ரேடியோவைத் திருகுவார். எனக்கு அவர்களைப் பார்த்தால் பொறாமையாகத்தான் இருக்கும்.

தொண்ணூற்றாறு கோடையில் மகள் விஜயஸ்ரீ டிக்கெட் அனுப்பினாள். மருமகன் சிவகணேஷுக்கு ஓர்லியான்ஸ் என்ற ஊரில் ஆராய்ச்சி வேலை. அண்ணாச்சிக்கு முட்டுவலி.

"அம்புட்டு நேரம் என்னால காலை மடக்கி உக்கார முடியாது. நீ போயி எல்லாத்தையும் பாத்துட்டு வந்து சொல்லு, கேட்டுக்கிடுதேன்" என்று அவளை மட்டும் அனுப்பி வைத்தார்.

மதினி போய் மூன்று வாரம்கூட ஆகவில்லை. காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த அண்ணாச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். டாக்டர் வருவதற்குள் போய்விட்டார். அங்கிருந்து வர விமானத்தில் அடுத்த வாரம்தான் இடம் என்றார்கள். அன்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள்.

அண்ணாச்சியின் தம்பி சிவசண்முகம்தான் எல்லாம் முடிவு செய்தார். விஜயஸ்ரீக்குப் போன் போட்டு, "அம்மாட்ட மூச்சு விட்டுராத. அத்துவானக் காட்டுல வச்சு அழ விடாத. பைய காரியத்துக்குக் கூட்டிட்டு வந்துரு" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "புருசன் போனது பொண்டாட்டிக்குத் தெரிய வேண்டாமா? தாலியை வாங்கத்தான் கூப்பிடுதியளோ?" என்று கேட்டேன். பொம்பளைக்கு இதில் என்ன பேச்சு என்று என் வாயை அடைத்துவிட்டார்கள்.

இனி வருவது, ரொம்ப நாள் கழித்து மதினி தானாகவே என்னிடம் சொன்னது.

போன் வந்தபோது அவள் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். மகள் பேசி முடித்துக் குளியலறைக்குள் போனாள். வெளியே வந்தபோது தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வியாழக்கிழமை, பட்டப்பகல், எண்ணெயும் இல்லை, சீயக்காயும் இல்லை. கோடையிலும் விடாத அந்த ஊர்க் குளிரில் நம் வீட்டுப் பெண் எதற்காகத் தலைமுழுகுவாள்? இழவுச் செய்தி கேட்டால் செய்கிறதைக் கை தன்னால் செய்துவிட்டது. மறைக்க வேண்டும் என்பது அப்புறம்தான் அவளுக்கு நினைவு வந்திருக்கும்.

"அப்பா பேசினாங்களாளா?"

"வீட்டு லைன் கெட்டுப்போச்சாம்மா. சித்தப்பாதான் வெளிய இருந்து பேசுனாங்க."

மகள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். மதினிக்கு விளங்கிவிட்டது. ஆனாலும், "தலையைத் துவட்டு, சளி பிடிக்கும்" என்றதோடு நிறுத்திக்கொண்டாள்.

"ஏன் மதினி கேக்கல?" என்றேன்.

"கேட்டா சொல்லிருவாளே. சொல்லிட்டா அவுக இல்லன்னு ஆயிருமே" என்றாள்.

அம்மாவை வீட்டில் வைத்திருக்க மகளுக்கும் மருமகனுக்கும் பயம். ஊர் சுற்றிக் காட்டுகிறோம் என்று காலையில் காரில் கூட்டிப்போய், இருட்டுவதற்குள் திரும்பினார்கள். ஒரு நாள் போழான்சி, ஒரு நாள் அம்புவாஸ், ஒரு நாள் ஷினோன். எல்லாமே ஆற்றங்கரைச் சிற்றூர்கள். மதினி தினமும் கண்ணாடி முன் நிற்பாள். குங்குமத்தை விரலில் தொட்டுக்கொண்டு, வைக்கலாமா கூடாதா என்று தவிப்பாள். வைத்துக்கொண்டுதான் கிளம்புவாள்.

போன இடத்தில் எதையும் விடவில்லை. "இந்தப் பாலம் எந்தக் காலத்துலன்னு மாப்பிள்ளைட்ட கேட்டுச் சொல்லுளா" என்பாள். மலையைக் குடைந்து வீடு கட்டியிருந்தால், உள்ளே அடுப்பு எங்கே வைப்பார்கள் என்று கேட்பாள். சந்தையில் ஒவ்வொரு கடையிலும் நின்றாள்; ஆட்டுப்பாலைக் கட்டியாக உறைய வைத்துச் சாம்பல் பூசி விற்பதைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அத்தை நன்றாக ரசிக்கிறார்கள் என்று மருமகனுக்குத் திருப்தி. முன் சீட்டில் மகள் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்போதெல்லாம் மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். பார்ப்பதையெல்லாம் அவள் ஒருத்தருக்காகத்தான் பார்த்தாள்.

காரியத்தன்று காலை ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கினார்கள். சிவசண்முகம் கார் கொண்டுவந்திருந்தார். நானும் போயிருந்தேன். நெற்றி நிறையக் குங்குமத்தோடு மதினி வந்து காரில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஈரடுக்குப் பாலம் இறங்கியதும் விஜயஸ்ரீ தாயின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இப்பச் சொல்லாதளா. வீடு வரட்டும்."

விஜயஸ்ரீ தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மதினி முன்னால் குனிந்து, "தம்பி, கொஞ்சம் பைய ஓட்டு" என்றாள் டிரைவரிடம். சிவசண்முகம் எங்கள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் பெண்கள் தலைவிரி கோலமாகக் காத்திருந்தார்கள். கட்டிக்கொண்டு அழ வந்தவர்களை மதினி விலக்கிவிட்டு, நேரே அண்ணாச்சி படத்தின் முன்னால் எரிந்த விளக்கருகில் போய் உட்கார்ந்தாள். ஒப்பாரி ஆரம்பித்தாள். அப்படி ஒரு ஒப்பாரியை எங்கள் டவுன் கேட்டதே இல்லை.

"கல்லுப் பாலம் நடந்து வந்தேன், என் ராசா,
கரைபுரண்ட ஆறு கண்டேன்.
ஆட்டுப்பாலக் கட்டியாக்கி, என் ராசா,
அதுக்கும் நீறு பூசி விக்கான்.
அதச் சொல்ல ஓடி வந்தேன், என் ராசா,
ஆளக் காணும் வீட்டுக்குள்ள."

போழான்சியைச் சொன்னாள், அம்புவாஸைச் சொன்னாள். ஒன்றும் புரியாமலே கூட்டம் தேம்பியது. நான் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதேன்.

வெளியே ஆண்கள் அவசரப்படுத்தினார்கள். சடங்கு செய்ய வந்திருந்த வயதான கைம்பெண் ஒருத்தி அவள் பின்னால் போய் நின்று, தாலிக்கொடியைத் தேடிக் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனாள்.

"நேரமாச்சும்மா, உலகு."

மதினி கொடியை முந்தானைக்குள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க. இன்னும் ஒரு ஊரு பாக்கி இருக்கு. அதையும் சொல்லிக்கிடுதேன்."

அந்த அம்மா கையை எடுத்துவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.