பதினொரு மாத லீவு

லூயி-பிளாங் தெருவில் கொத்துரொட்டி போடும் அல்பிரட்டை லா சப்பல் தமிழரில் அநேகருக்குத் தெரியும். மார்கழி வந்தால் வீடு வீடாக ஆடிக்கொண்டு வரும் கிறிஸ்மஸ் தாத்தாவான நத்தார் பாப்பாவும் அவர்தான் என்பது சிலருக்கே தெரியும். சிவப்பு அங்கி, பஞ்சுத்தாடி ஒட்டிய பிளாஸ்டிக் முகமூடி. மன்னாரிலும் அப்படித்தான் ஆடினார். பாப்பாவின் முகத்தை ஒருவரும் காணக் கூடாது. பெரிய ஆட்டக்காரர் என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் சிரித்தார்கள், அவ்வளவுதான்.

போன வருடம் கரோல் குழு அந்த வேடத்தை ஓர் இளம் பெடியனுக்குக் கொடுத்துவிட்டது. அல்பிரட்டின் முழங்கால்தான் காரணம்.

"இருந்துகொண்டு பாப்பாவாய் இருக்க ஏலாதோ?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

நாற்காலியில் இருந்துகொண்டே பாப்பாவாக இருக்கக்கூடிய ஊர் ஒன்று இருக்கத்தான் செய்தது. கார் து நோர் நிலையத்தில் ரயிலேறி வடக்கே போனால், பெல்ஜிய எல்லைக்குக் கிட்ட மொன்நொயெல். 'நொயெல்' என்றால் பிரெஞ்சில் நத்தார்; பெயரிலேயே இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கம் மூடியபின் ஊர் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு பிழைத்தது. ஆடி மாதத்திலும் தெருவிளக்குகளில் நட்சத்திரம் தொங்கும். மருந்துக்கடைக் கதவுகூடச் சிவப்பு. அங்கே சனி ஞாயிறுகளில் நாற்காலியில் இருக்க ஒரு புதிய பாப்பா தேவை என்பதை மகள் றொஷானி கைபேசியில் கண்டாள்.

"இஞ்சேருங்கோ, அங்கை ஆக்கள் இல்லாமலோ உங்களைக் கூப்பிடப்போறாங்கள்?" என்றார் மனைவி மேரிறோஸ். சொல்லிக்கொண்டே அங்கிக்கு இஸ்திரி போட்டார்.

விண்ணப்பம் போட்டு, ஆளைச் சோதித்துப் பார்க்கக் கூப்பிட்ட நாளன்று ரயிலில் அல்பிரட் சீற்றின் நுனியிலேயே இருந்தார்.

"இதுதானே பிள்ளை, ரெயின்?"

"வுயி, பப்பா. மூண்டாம் தரம் கேக்கிறியள்."

மொன்நொயெல் நகரசபைப் பெண் முகமூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். "இது வேண்டாம். பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்." வெறும் தாடியை மட்டும் கொடுத்தார்.

முகமூடிக்குள் அல்பிரட் பாப்பாவாகவே இருந்தார். இப்போது தாடிக்கு மேலே தெரிவது அவருடைய சொந்தக் கறுத்த முகம்.

"கொத்து போடுற அல்பிரட் தாடி ஒட்டிக்கொண்டு இருக்கிறான் எண்டுதான் நினைப்பினம்" என்று முணுமுணுத்தார்.

"இஞ்சை கொத்தை ஆருக்குத் தெரியும்?" என்றாள் றொஷானி.

வேடத்தைத் தாங்குவது முகமூடியா, ஆளா என்பதைத் தீர்க்க, பாப்பாவைப் பார்க்க வந்த பிள்ளைகளின் வரிசையில் முதலாவதாக நின்ற சிறுமியே போதுமாயிருந்தது. அவள் நாற்காலிக்குக் கிட்ட வந்து அவரை நன்றாகப் பார்த்தாள்.

"நீ ஏன் கறுப்பாக இருக்கிறாய்?"

தாயின் முகம் சிவந்தது. நகரசபைப் பெண் எழுதுவதை நிறுத்தினார். அல்பிரட் சமையலறையில் பழகிய தன் குசினிப் பிரெஞ்சில் ஆறுதலாகச் சொன்னார்:

"எனக்கு மார்கழியில் மட்டும்தானே வேலை. மிச்சம் பதினொரு மாதமும் லீவு. கடற்கரையில் படுத்திருப்பேன்."

எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. நல்ல பதில்.

சிறுமி யோசித்தாள். "மான்களும் வருமா?"

"வரும். ஆனால் அவைக்கு நீந்தத் தெரியாது."

அவள் வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். "இவர்தான் உண்மையானவர். போன வருடத்து ஆள் வெள்ளையாக இருந்தார். வீட்டை விட்டே போகாதவர்."

அதற்குப் பிறகு பரிசு கேட்கப் பிள்ளைகளுக்கு நேரமில்லை. மணலில் வண்டி புதையாதா, நண்டு கடிக்காதா, அங்கியோடுதான் குளிப்பதா என்று ஒரே சத்தம். அல்பிரட் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். மன்னாரின் பேசாலைக் கடற்கரையில் வளர்ந்தவருக்கு நண்டைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒலிபெருக்கியில் பாட்டு வந்தபோது இருந்த இடத்திலேயே தோளால் ஆடினார். வரிசை முழுதும் தோளை ஆட்டியது.

கடைசிப் பிள்ளை போனதும் நகரசபைப் பெண் வந்து கைகொடுத்தார். "அடுத்த சனிக்கிழமை வாருங்கள். மார்கழி முழுக்க."

திரும்பும் ரயிலில் அல்பிரட் கைபேசியில் வீட்டுக்கு அழைத்து, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் ஒப்புவித்தார்.

"முழங்கால்?" என்று கேட்டார் மேரிறோஸ்.

"இருந்துகொண்டுதானப்பா."

"அப்ப சரி. அந்தப் பதினொரு மாத லீவுக் கதையை மட்டும் உங்கடை கொத்துக்கடை முதலாளிக்குச் சொல்லிப்போடாதேங்கோ."