எல்லையம்மன் மேட்டில் மாட்டிய கால்

நேற்று கேஸ் சிலிண்டர் மாற்றினேன். ரெகுலேட்டர் ‘டக்’கென்று உட்கார்ந்ததும் என் இடது குதிகால் தானாக வெளிப்பக்கம் திரும்பியது. பக்கத்தில் நின்ற என் மனைவி, “இன்னாத்துக்கு கால இப்டி முறுக்கிக்கினு கீற, சுளுக்கா?” என்றாள். சுளுக்கு இல்லை, சைக்கிள் என்றேன். அந்தச் சைக்கிளை விற்று எவ்வளவு நாளாச்சு என்று சொல்லிவிட்டு அவள் பாலை அடுப்பில் வைத்தாள். அவளிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அந்த ‘டக்’ கிளிப்லெஸ் பெடலின் சத்தம். பெயரைக் கேட்டாலே எரிச்சல் வரும். கிளிப் இல்லாதது என்று அர்த்தமாம். ஆனால் அது செய்கிற ஒரே வேலை காலைக் கவ்விப் பிடிப்பது. ஷூவுக்கு அடியில் ஒரு இரும்புத் துண்டு இருக்கும். பெடலில் வைத்து மிதித்தால் மாட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு எவ்வளவு மேலே இழுத்தாலும் வராது. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். மலையில் பந்தயம் ஓட்டுகிறவனுக்கு அது தேவை. ஸ்ரீசிட்டி ஃபேக்டரியில் நாளெல்லாம் நின்று ஒயர் சொருகுகிற எனக்கு எதற்கு? எங்கள் ஃபேக்டரிக்கு வந்திருந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஊருக்குத் திரும்பும்போது தன் மலைச் சைக்கிளை விற்றார். பெடலும் ஷூவும் அதோடு வந்தன. மலிவாக வந்தால் தலைவலியைக்கூட வாங்குகிற ஆள் நான். ஷூ ஒரு சைஸ் பெரியது. முனையில் பழைய பனியனை அடைத்துக்கொண்டேன்.

மாங்கூழ் ஃபேக்டரிக் கழிவு புளித்து நாறுமே, அந்த நாற்றம் வந்தால் எனக்குத் திருப்பதி சைக்கிள் கடைதான் ஞாபகம் வரும். பெடலைச் சரிபார்க்க அங்கே போன அன்று பஸ் முழுக்க அதே நாற்றம். கடைக்காரர் தெலுங்குக்காரர். ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு, “மடம திப்பண்டி சார். மேல தூக்காதீங்க. மடம, மடம” என்று தன் குதிகாலைத் தட்டித் தட்டிக் காட்டினார். நானும் சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து முறை திருப்பிக் காட்டினேன். வித்தை கைவந்துவிட்டது என்று நினைத்தேன். காலுக்கு வரவில்லை.

காலுக்கு வேறு பழக்கம் இருந்தது. கோவிலைத் தாண்டும்போது நம் ஆட்கள் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். வண்டியை நிறுத்த மாட்டோம். செருப்பிலிருந்து காலை ஒரு நொடி மேலே உருவிக்கொண்டு, ஒரு கையை எடுத்து நெஞ்சைத் தொட்டு உதட்டில் வைத்துக்கொண்டு, போய்க்கொண்டே இருப்போம். சாமிக்கு முன்னால் செருப்போடு போகவில்லை என்று கணக்கு. சாமி அந்தக் கணக்கை ஒப்புக்கொண்டதா என்று யாரும் விசாரித்ததில்லை. எனக்கு இது விவரம் தெரிந்த நாளிலிருந்து பழக்கம். மூளையைக் கேட்காமல் கால் தானாகச் செய்யும்.

பிச்சாட்டூர் ஏரிக்குப் போகிற வழியில் ஒரு கிளைப்பாதை. அதில் ஒரு எல்லையம்மன் கோவில். கோவில் என்றால் ஒரு வேப்பமரம், நாலு கல், மேலே ஒரு தகரம். அதை ஒட்டியே கல்லும் சரளையுமாக ஒரு மேடு செங்குத்தாக ஏறும். கோவிலைத் தாண்டும்போது முழு வேகம் இருந்தால்தான் அந்த மேட்டில் ஏற முடியும். முதல் ஞாயிற்றுக்கிழமை நல்ல வேகத்தில்தான் வந்தேன். அம்மன் வந்தாள். வலது கை ஹேண்டில்பாரை விட்டது. கால் மேலே இழுத்தது. பெடல் விடவில்லை. அம்மன் முன்னால் சைக்கிளோடு சேர்ந்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

அங்கே பூவும் கற்பூரமும் விற்கிற அக்கா ஒருத்தி இருந்தாள். எழுந்திருக்கக் கை கொடுப்பாள் என்று பார்த்தேன். “வேண்டுதலா சாமி?” என்று கேட்டாள்.

எனக்குப் பின்னால் வந்த டில்லிபாபு சைக்கிளை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஃபேக்டரியில் எனக்கு அடுத்த மேஜை அவனுடையது. சத்தியவேட்டில் ஒரே ரூம். சாமி இல்லை என்பான். ஆனால் எந்தக் கோவிலில் பொங்கல் கொடுத்தாலும் இரண்டு தொன்னை வாங்குவான். அவனுக்குச் சாதாரணப் பெடல். அந்த மேட்டில் காலை ஊன்றாமல் சர்வ சாதாரணமாக ஏறிவிடுவான்.

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் விழுந்தேன். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே முழங்கை. அம்மனை இரண்டு கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு உடனே கன்னத்தில் போட்டுக்கொள்வேன். டில்லி மேட்டு உச்சியில் உட்கார்ந்துகொண்டு, “டேய், அம்மாவுக்கு ஒரு லீவு லெட்டர் எழுதிக் குடுத்துட்டு வாடா” என்று கத்துவான். மற்ற நாட்களில் ஃபேக்டரி கேன்டீனில் ஊருக்கே கதை சொல்வான். சாம்பார் ஊற்றுகிறவர்கூட என் முழங்கையைப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றினார்.

அந்தச் சமயம் டில்லிக்குப் புனேக்கு மாற்றல் வந்தது. ஒரே ஒரு ஞாயிறு பாக்கி. ரூமில் அவன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது சொன்னான்: “நீ ஏற மாட்டடா. நான் புனேல போய்க்கூட இத்த சொல்லிக்கினு இருப்பேன்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. அவன் கண் முன்னால் ஒரே ஒரு தடவை, காலை ஊன்றாமல் ஏறிக் காட்ட வேண்டும். அவன் வாயை அடைக்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

அன்று காலை கோவிலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கினேன். ஹெல்மெட்டையும் ஷூவையும் கழற்றினேன். வெறுங்காலில் நடந்து போய் அம்மன் முன்னால் நின்று, “இன்னிக்கு மட்டும் ஷூவோட போறேன், கண்டுக்காத” என்று சொன்னேன். பூக்கார அக்கா, “இன்னா, அட்வான்சா?” என்றாள். ஒரு முழம் பூ வாங்கிப் போட்டுவிட்டுத் திரும்பினேன். விழுந்து உடையக் கூடாது என்று ஃபோனை டில்லியின் முதுகுப் பையில் போட்டேன். ரூட்டைப் பதிவு செய்கிற ஆப் அதில் ஓடிக்கொண்டிருந்தது.

“பின்னாலயே வா. கண்ணைத் திறந்து பாரு,” என்றேன்.

“பாக்கத்தான வரேன், போடா.”

டக். டக். இரண்டு காலும் மாட்டின. மிதித்தேன். கோவில் வந்தது. கால் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தேன். தகரம் பின்னால் போனது, மரம் பின்னால் போனது. சரளையில் பின்சக்கரம் வழுக்கியது. கீழே தள்ளிய காலோடு மேலே இழுத்த காலும் சேர்ந்து வேலை செய்தது. அந்த இன்ஜினியர் ஏன் இந்தச் சனியனை மாட்டினார் என்று அன்றுதான் புரிந்தது. உச்சிக்கு வந்துவிட்டேன். வந்த சந்தோஷத்தில் குதிகாலைத் திருப்ப மறந்து, நின்ற இடத்திலேயே விழுந்தேன். விழுந்தபடி சிரித்துக்கொண்டே, “பாத்தியாடா?” என்றேன்.

பின்னால் ஒருவரும் இல்லை.

எட்டிப் பார்த்தேன். டில்லி கீழே அம்மன் முன்னால் நின்றுகொண்டிருந்தான். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கை கூப்பி. என் நண்பன், சாமி இல்லாதவன். இறங்கி ஓடினேன்.

“இன்னாடா பண்ணிக்கினு கீற?”

“நீ கும்புடாம போய்ட்ட. எனக்கு இன்னாவோ மாதிரி ஆயிடுச்சி. யாராவது ஒருத்தன் கும்புடணும் இல்ல?”

“நான் ஏறிட்டேன்டா.”

“எப்போ?”

பூக்கார அக்காவைக் கேட்டேன். “யாரோ ஒர்த்தர் ஏறினாங்க. எல்லாரும் தலைல கிண்ணிய கவுத்துக்கினு கீறீங்க, யார் யாருன்னு எனக்கு இன்னா தெரியும்?” என்றாள். டில்லியின் பையிலிருந்து ஃபோனை எடுத்துப் பார்த்தேன். ஆப் கணக்குப்படி நான் அந்த நேரம் முழுக்கக் கோவிலடியில் நின்றிருந்தேன்.

மறுபடி ஏறிக் காட்டுகிறேன் என்று மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் அதே முழங்கை. டில்லி புனேக்குப் போனான். சொன்ன மாதிரியே அங்கேயும் சொன்னான். ஃபோனில் பேசும்போதெல்லாம் கடைசியில், “ஏறினியாமே?” என்பான். நான் லைனைத் துண்டிப்பேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு வந்தான். தொப்பை வைத்திருக்கிறது. இரண்டு பேரும் என் ஸ்கூட்டரில் அந்த மேட்டைப் பார்க்கப் போனோம். இன்றைக்கு இந்தத் தேய்ந்த முட்டியோடு நடந்தாவது ஏறி, எந்தக் கல்லில் சக்கரம் வழுக்கியது என்றுகூடக் காட்டுவது என்று முடிவு செய்திருந்தேன். கிளைப்பாதையைக் காணோம். நாலு லாரி பக்கத்தில் பக்கத்தில் போகிற மாதிரி ரோடு. வேப்பமரம் இல்லை. அம்மனை எதிர்ப்பக்கம் டைல்ஸ் ஒட்டிய கூண்டுக்குள் வைத்து, கேட்டுக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். பூக்கார அக்காவின் இடத்தில் தார் காய்ந்துகொண்டிருந்தது. மேட்டை வெடி வைத்து உடைத்து, ஜல்லியாக்கி, அந்த ரோட்டுக்கே போட்டுவிட்டார்கள். நாங்கள் அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தோம்.

டில்லி செருப்பிலிருந்து காலை உருவிக்கொண்டான். கும்பிட்டானா, தார்ச் சூடு செருப்பில் ஏறியதா என்று நான் கேட்கவில்லை.

“சரி, எதுல ஏறின? காட்டு,” என்றான்.

விரலை நீட்டினேன். அந்த உயரத்தில் ஒரு காக்கா போய்க்கொண்டிருந்தது.

“அதோ, அங்க,” என்றேன்.