அங்கம்மா கடைப் பெட்டி

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. 1933-இல், மலாயாவில், ஜோகூரின் ஆயர் ஈத்தாம் முச்சந்தியில், அங்கம்மாவின் சாப்பாட்டுக் கடையில், நல்ல பகல் வெளிச்சத்தில் நடந்தது.

அங்கம்மா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அவள் அம்மா வெள்ளைக்கார துரை பங்களாவில் கூப்பிட்ட குரலுக்கெல்லாம் ஓடி ஓடியே காலம் தள்ளியவள். அந்தப் பிழைப்பு வேண்டாமென்றுதான் அங்கம்மா புருஷன் லெட்சுமணனைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து கடை போட்டாள்.

ஒருநாள் லெட்சுமணன் கிளுவாங்கில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து தேக்குப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தான். முன்பக்கம் கண்ணாடி. அதற்குள் ஆறு சின்னக் கட்டங்கள். தலையில் ஒரு மணிக் கிண்ணம், பக்கவாட்டில் ஒரு பித்தளைக் குமிழ். என்ன சாமான் என்று யாருக்கும் தெரியவில்லை. கெட்டுப்போன கடிகாரம் என்றார் ஒருவர். சூதாட்டப் பெட்டி என்றார் இன்னொருவர். பார்க்க அழகாக இருந்ததால் சுவரில் மாட்டி வைத்தார்கள்.

சில நாள் போயிருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்திருந்தது.

ட்ர்ர்ர்ர்...

நாலாவது கட்டத்தில் ஒரு சிவப்புத் தகடு விழுந்து ஆடியது. அங்கம்மா எட்டிக் குமிழை அழுத்தினாள். தகடு மேலே ஏறிக்கொண்டது. மணி நின்றது.

திரும்பிப் பார்த்தால் சமையல்கட்டுத் தரையில் ஈரம். யாரும் தண்ணீர் சிந்தவில்லை.

மறுநாளும் மணி அடித்தது. மறுபடி அழுத்தினாள். ஈரம் சமையல்கட்டைத் தாண்டி வந்திருந்தது. கூடவே வாசனைச் சோப்பின் மணம்... அந்தக் கடையில் அப்படிச் சோப்பு கிடையாது.

அடுத்த தடவை, குமிழை அழுத்திய கையில் சில்லென்றது. மணிக்கட்டைச் சுற்றி ஐந்து ஈர விரல்களின் தடம்.

"தூக்கி ஆத்துல போட்டுடலாம்" என்றான் லெட்சுமணன்.

"நம்ம சாமான நாம ஏன் போடணும்? மொதல்ல இது என்னான்னு தெரியட்டும்."

ஜோகூர் பாருவில் மணியம் என்று ஒரு ரயில்வே குமாஸ்தா இருந்தார். அவருடைய கூட்டாளி ஜெகபர் சாதிக், துணிக்கடைக்காரர். ரேடியோப் பெட்டியைத் தாங்களே செய்து கேட்பதில் இருவருக்கும் பைத்தியம். பழைய மின்சாரச் சாமான் எங்கே கிடைத்தாலும் பிரித்துப் பார்த்துவிடுவார்கள். அங்கம்மா சொல்லியனுப்பியதும் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்துவிட்டார்கள்.

மணியம் பெட்டியை மேசையில் வைத்துப் பின்பலகையைக் கழற்றினார். பார்த்ததும் சிரித்தார்.

"அக்கா, இது துரை பங்களாவுல ஆளக் கூப்பிடுற பெட்டி லா. ஒரு கட்டம் ஒரு ரூம். ரூம்ல பட்டன அமுக்குனா இங்க மணி அடிக்கும், தகடு விழும்."

"நாலாவது எந்த ரூம்?"

சாதிக் பூதக்கண்ணாடியை வைத்து அழிந்துபோன எழுத்தைப் படித்தார். "குளிக்கிற ரூம்."

"இந்தக் குமிழு எதுக்கு?"

"வேலைக்காரங்க அமுக்குறது அக்கா. கேட்டுருச்சு, இதோ வர்றேன்னு அர்த்தம்."

அங்கம்மா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அழுத்திய ஒவ்வொரு தடவையும் அவள் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்...

"ஆனா பேட்டரி இல்ல, ஒயரும் இல்ல. இது அடிக்க வழியே இல்லக்கா" என்று சொல்லிக்கொண்டே மணியம் மணிக் கிண்ணத்தைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

ட்ர்ர்ர்ர்...

கிண்ணம் அவர் கையில் இருந்தது. சத்தம் பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

நாலாவது தகடு விழுந்தது.

சாதிக்கின் கை குமிழை நோக்கிப் போனது. அங்கம்மா அதைப் பிடித்து விலக்கினாள்.

"தொடாதீங்க."

சமையல்கட்டிலிருந்து தண்ணீர் ஊர்ந்து வந்தது. மேசைக்கடியில் நுழைந்தது. சோப்பு மணம் மூச்சை அடைத்தது.

அவள் நகரவில்லை.

ட்ர்ர்ர்ர்... ட்ர்ர்ர்ர்...

"வரமாட்டேன்."

தண்ணீர் அவள் கால்விரலைத் தொட்டது.

"எங்கம்மா ஓடுனது போதும். நீ யாரா இருந்தாலும் சரி. நான் வரமாட்டேன்."

மணி வெறிபிடித்தது போல் அடித்தது...

நின்றது.

தரையைப் பார்த்தார்கள். காய்ந்து கிடந்தது.

பெட்டியை எடுத்துப் போகிறோம் என்றார்கள் இருவரும். அங்கம்மா கொடுக்கவில்லை. அதே ஆணியில் மாட்டினாள். அதற்குப் பிறகு அது அடிக்கவே இல்லை.

ஆனால் சாதிக்குக்கு மனசு கேட்கவில்லை. கிளுவாங் கடைக்காரரைத் தேடிப்போய் விசாரித்தார். பெட்டி சாஆ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு துரை பங்களாவிலிருந்து வந்ததாம். அங்கே வேலை பார்த்த ஆயா ஒரு மத்தியானம் மணிச் சத்தம் கேட்டு, குமிழை அழுத்திவிட்டு, "வர்றேங்க" என்று ஓடியதைத் தோட்டக்காரன் வெளியிலிருந்து பார்த்திருக்கிறான். குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உடைத்துத் திறந்தபோது அவள் தொட்டித் தண்ணீருக்குள் கிடந்தாள்.

துரை அதற்கு முந்தின வாரமே கப்பலேறிச் சீமைக்குப் போய்விட்டார். அன்று அந்த பங்களாவுக்குள் ஆயாவைத் தவிர வேறு யாருமே இல்லை.