உயிரோடு அனுப்பியவள்

ஜெயமலர் தன் ஒரே மகன் ராகுலனை யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பியபோது அவனுக்குப் பதினெட்டு வயது. அவனோடு படித்த பெடியள் ஒவ்வொருவராய் இயக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். போகாதவர்களை ஆமி பிடித்தது. அவன் மாட்டேன் என்று அடம்பிடிக்க, அழுது, பட்டினி கிடந்து, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனோடு ஏற்றிவிட்டாள். கனடா வந்து சில வருடங்களில் அவன் தாயையும் கூப்பிட்டுக்கொண்டான்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு யாழ்ப்பாணமே ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. அதற்கடுத்த வாரம், கூடப் படித்தவர்களில் மிஞ்சியிருந்த ஒருவனும் சண்டையில் செத்தான் என்று ராகுலனுக்குச் செய்தி வந்தது.

"எல்லாரும் அங்க நிண்டாங்கள். நான் மட்டும் ஓடி வந்தனான்," என்றான். "நீங்கள்தானே என்னைக் கோழையாக்கினது."

அதன்பிறகு அவர்கள் குடியிருந்த மோர்னிங்சைட் தெரு அடுக்குமாடி வீட்டில் பேச்சே குறைந்துபோனது.

ஒருநாள் கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கப் போன இடத்தில் அவள் அழுததை, அதே மாடியில் குடியிருந்த வோல்ற்றர் என்ற வெள்ளைக்காரர் கண்டார். ஊரில் தபால் கந்தோரில் வேலை செய்த ஜெயமலருக்கு ஆங்கிலம் தெரியும், பேசத்தான் கூச்சம். அன்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

வோல்ற்றர் அமெரிக்காவில் பிறந்தவர். வியட்நாம் போருக்கு ஆள் எடுக்கப் பிறந்த தேதிகளைச் சீட்டுக் குலுக்கிய காலத்தில் அவருடைய தேதி முன்னுக்கே விழுந்ததாம். நாடு இரண்டுபட்டதைப் போலவே வீடும் இரண்டுபட்டது. பழைய படைவீரரான தகப்பன் போ என்றார். தாய் காரில் ஏற்றி, டிற்றோயிற் பாலம் கடந்து, கனடாவில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனாள். பக்கத்து வீட்டுச் சிநேகிதன் போருக்குப் போய்ப் பெட்டியில் வந்தான். அந்த வெட்கத்தில், தன்னைக் கொண்டுவந்து விட்டவள் மேல் கோபப்பட்டு, வோல்ற்றர் தாயின் தொலைபேசியை எடுக்காமலே விட்டார். எழுபத்தேழில் புது ஜனாதிபதி போருக்குப் போகாமல் ஓடியவர்களுக்கு மன்னிப்புக் கொடுத்து வழி திறந்தபோது, தாய் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

"அம்மாவில இருந்த கோபம் எப்ப போனது?" என்று கேட்டாள் ஜெயமலர்.

"அவள் போன பிறகுதான்," என்றார் அவர்.

அன்று பின்னேரம் இந்தக் கதையை மகனுக்குச் சொன்னாள். அவன் கோப்பையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அது அவங்கட நாடு பிறத்தியாரோட பிடிச்ச சண்டை, அம்மா. செத்தது என்ர ஆக்கள்," என்று எழும்பிப் போனான்.

அடுத்த கோடையில் தூரத்து நகரமான கல்கரியில் வேலை கிடைத்துப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கூப்பிடுவான். சாப்பிட்டீங்களோ, குளிரோ என்பதற்கு மேல் ஒன்றும் வராது.

"மகன் எப்படி?" என்று வோல்ற்றர் லிஃப்டில் கேட்டார்.

"என்னை வெறுக்கிறான்," என்றாள் ஜெயமலர். "வெறுக்கட்டும். வெறுக்கிறதுக்கும் உயிர் வேணுமே. திரும்ப அந்த நாள் வந்தாலும் அனுப்பத்தான் செய்வன்."

சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்குள் வந்ததும் கால் ஓயவில்லை. அவன் படுத்த அறையை ஒருமுறை கூட்டினாள். பிறகு இன்னொரு முறை கூட்டினாள்.